இருட்டைச் சரிசெய்தல்: பழைய கணினியில் டூம் 3

சித்தப்பா வீட்டு மாடியறையில் ஆறு ஆண்டுகளாகப் பழைய வேட்டியால் மூடிக் கிடந்த மேசைக் கணினியை இந்த ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எடுத்துத் துடைத்தேன். வீடு கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில் இருக்கிறது. மாடியில் நின்றால் கடல் தெரியும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வீடுகளில் எந்த மின்பொருளும் நீண்ட நாள் உழைப்பதில்லை. உப்புக் காற்று முதலில் ஜன்னல் கம்பியைத் தின்னும், பிறகு மின்விசிறியின் மூடியை, அதன் பிறகு கணினிப் பெட்டியின் திருகுகளை. நான் கழற்ற முயன்ற ஆறு திருகுகளில் இரண்டு தலை தேய்ந்து வெறுமனே சுழன்றன. தேங்காய் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்த பிறகுதான் அவை அசைந்து கொடுத்தன.

இந்தக் கணினியை உயிர்ப்பிக்க எனக்கு இருந்த காரணம் ஒன்றே ஒன்று. வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன், அதாவது சித்தப்பாவின் மூத்த மகன், கல்லூரியில் படித்தபோது வாங்கி வைத்த டூம் 3 விளையாட்டின் மூன்று குறுந்தகடுகள் அதே அறையின் அலமாரியில் இருந்தன. இட் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 2004 ஆகஸ்டில் வெளிவந்த அந்த விளையாட்டைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, ஒரு முறையும் விளையாடியதில்லை. செவ்வாய்க் கோளில் 2145ஆம் ஆண்டில் நடக்கும் கதை, துப்பாக்கி ஏந்தியவனின் கண்வழியே நாம் பார்க்கும் காட்சி, ஆராய்ச்சி நிலையத்துக்குள் நரகம் திறந்துவிடும் ஓர் இரவு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அது பிறந்த காலத்துக்கு நெருக்கமான ஒரு கணினியில், அந்தத் தகடுகளிலிருந்தே நிறுவி, அது எப்படிப் பயமுறுத்தியிருக்கும் என்று நானே அனுபவிக்க விரும்பினேன்.

எனக்கு உதவிக்கு வந்தவன் சித்தப்பாவின் இளைய மகன். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவன் அப்போது வீட்டில் இருந்தான். தடைக்காலத்தில் துறைமுகத்துப் பக்கமிருந்து இரவில் எஞ்சின் சத்தம் வராது. மழையும் அலையும் மட்டும் கேட்கும். ஒலியைச் சோதித்துப் பார்க்க வேண்டிய வேலைக்கு அந்த அமைதி பெரிய உதவியாக அமைந்தது.

பெட்டியைத் திறந்தபோது கோர் 2 டியோ இ7400 செயலி, ஜி31 மதர்போர்டு, ஒரு ஜிபி அளவில் இரண்டு ரேம் பலகைகள் ஆகியவற்றைக் கண்டேன். தனியாக கிராபிக்ஸ் கார்டு இல்லை. ரேம் பலகைகளின் பொன்னிறப் பற்களில் கருப்பாகப் படலம் ஏறியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை அழிப்பான் ஒன்றால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டுப் பொருத்தினேன். மதர்போர்டில் நேரத்தைக் காத்து வைக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து போயிருந்தது. சிஆர்2032 என்ற எண்ணில் எந்தக் கடிகாரக் கடையிலும் அது கிடைக்கும். நாகர்கோவிலில் பழைய கணினி உதிரிப் பாகங்கள் விற்கும் ஒரு கடையில் ஜிஃபோர்ஸ் 9500 ஜிடி கார்டு ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் விசிறியில் படிந்திருந்த தூசியைக் கடைக்காரரே ஊதி எடுத்துத் தந்தார். இந்த வேலைகள் ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டன.

குறுந்தகடுகள்தாம் பொறுமையைச் சோதித்தன. இங்கே இரண்டு பருவமழையும் பெய்வதால் ஆண்டில் பாதி நாள்கள் காற்றில் ஈரம் இருக்கும், அதனால் மூன்றாம் தகட்டின் விளிம்பில் மங்கலான பூஞ்சைக் கோலம் படர்ந்திருந்தது. நிறுவல் 80 விழுக்காட்டுக்கு மேல் நகர மறுத்தது. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை வெதுவெதுப்பான நீரில் கலந்து, விரல் நுனியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் தடவிக் கழுவி, பருத்தித் துணியால் அதே திசையில் ஒற்றி எடுத்தேன். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. தகட்டில் தகவல் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருப்பதால், அதே திசையில் விழும் கீறல் தொடர்ச்சியாகப் பல துண்டுகளை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலைக் கருவி பெரும்பாலும் தானே ஈடுசெய்துகொள்ளும். இரண்டாம் முறை கழுவிய பிறகு தகடு முழுவதும் படிக்கப்பட்டது.

அதன்மேல் 1.3.1 என்ற கடைசித் திருத்தத்தை ஏற்றினேன். விளையாட்டின் மூல நிரலை 2011 நவம்பரில் இட் நிறுவனம், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் வெளியிட்டது. அதிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கிப் பராமரித்து வரும் டியூம்3 என்ற மென்பொருளை நான் பயன்படுத்தினேன். நிரல் இலவசமானாலும் படங்களும் ஒலிகளும் இலவசம் ஆகவில்லை என்பதால், தகடுகளிலிருந்து வந்த தரவுக் கோப்புகள் அதற்குக் கட்டாயம் வேண்டும். அமைப்புக் கோப்பில் திரை அளவை எங்கள் பழைய 18.5 அங்குலத் திரைக்கு ஏற்ப 1366 க்கு 768 என்று எழுதி, திரையின் மூலையில் நொடிக்கு எத்தனை சட்டங்கள் வரையப்படுகின்றன என்ற எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

முதல் அனுபவம் ஏமாற்றமாக இருந்தது. இதைத் தயக்கமின்றிப் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவின் மீதி முழுவதும் அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் தேடிய கதைதான். விளையாட்டின் தொடக்கம் எனக்குப் பிடித்தது. கையில் ஆயுதம் இல்லாமல் நிலையத்துக்குள் நடந்து போகிறோம், ஊழியர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்கிறார்கள், கெல்லி என்ற சார்ஜண்ட் காணாமல் போன ஒரு விஞ்ஞானியைத் தேடி அனுப்புகிறார். சாதாரண அலுவலகம் ஒன்றின் சலிப்பு அங்கே நிதானமாகக் காட்டப்படுகிறது. ஆனால் விஞ்ஞானியைக் கண்டுபிடித்து, எல்லாம் தலைகீழாகி, விளக்குகள் அணைந்த பிறகு வரும் பகுதி என்னைப் பயமுறுத்தவே இல்லை. சாம்பல் நிறத் தாழ்வாரங்களில் பிணங்கள் எழுந்து வந்தன, சுட்டேன், விழுந்தன. பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த தம்பியோ என் கையைப் பிடித்து இழுத்தான். அவனுக்குப் பயம், எனக்குச் சலிப்பு. ஒரே திரையை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் இடத்தில் நான் உட்கார்ந்து பார்த்தபோது முதல் காரணம் புலப்பட்டது. எங்கள் திரை டிஎன் வகையைச் சேர்ந்தது. அந்த வகைத் திரையை மேலிருந்து பார்த்தால் கருமை வெளுத்துத் தெரியும், கீழிருந்து பார்த்தால் நிழல்கள் முழுக் கருப்பில் மூழ்கிவிடும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த எனக்குத் தாழ்வாரத்தின் கடைசி வரை எல்லாம் தெரிந்தது. தரையில் இருந்த அவனுக்கு டார்ச் வெளிச்சம் படும் வட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. போதாததற்கு, அண்ணன் பகலில் படிப்பதற்காகத் திரையின் ஒளியை 100 இல் வைத்திருந்தார். நானும் முதல் அறையிலேயே இருட்டாக இருக்கிறதே என்று விளையாட்டின் ஒளிச் சறுக்கியை ஏற்றிவிட்டிருந்தேன்.

இந்த இடத்தில் விளையாட்டின் இயந்திரத்தை, அதாவது அதன் காட்சிகளை வரையும் அடிப்படை நிரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய பெரும்பாலான விளையாட்டுகளில், சுவரில் விழும் ஒளியும் நிழலும் தயாரிப்பின்போதே கணக்கிட்டு, ஓவியம்போலச் சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். இட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மேக் எழுதிய இந்த இயந்திரம், சுவர், கதவு, குழாய், பூதம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே முறையில், ஒவ்வொரு சட்டத்துக்கும் புதிதாக ஒளியையும் நிழலையும் கணக்கிடுகிறது. ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாகக் கூட்டப்படுகிறது. எந்த விளக்கும் தொடாத மூலை சுத்தமான பூஜ்யமாக இருக்கும். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே வரும் என்பதால், விளையாட்டின் ஒளிச் சறுக்கியை எவ்வளவு ஏற்றினாலும் அந்த மூலை வெளுக்காது. வெளுப்பது அதற்கும் வெளிச்சத்துக்கும் இடையே இருக்கும் அரை இருட்டு. பயம் குடியிருப்பது அந்த அரை இருட்டில்தான், ஏனென்றால் அங்கேதான் ஏதோ நிற்கிறது என்று தோன்றும், என்ன நிற்கிறது என்று தெரியாது.

அரை இருட்டு என்றால் என்னவென்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் மழை நாளில் ஒருமுறை நடந்தவர்களுக்கு அது தெரியும். மரச் சட்டங்களின் இடுக்கு வழியே கோடுகோடாக விழும் வெளிச்சம், கண்ணாடிபோல மின்னும் கருந்தரை, தலை குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள், அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று நுழைந்த பிறகே தெரியும் அமைப்பு. சிறுவயதில் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே வரிசையிலிருந்து பிரிந்து ஓர் அறையில் தனியாக நின்ற அரை நிமிடம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. திரையைச் சரிசெய்யும்போது அந்த அறையைத்தான் அளவாக வைத்துக்கொண்டேன்: வாசற்படி தெரிய வேண்டும், தூணின் விளிம்பு தெரிய வேண்டும், தூணுக்குப் பின்னால் இருப்பது தெரியக் கூடாது.

திரையின் ஒளியை 35 க்கு இறக்கினேன். தானாக வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் அமைப்பை அணைத்தேன். விளையாட்டின் ஒளிச் சறுக்கியை அது முதலில் இருந்த நிலைக்கே திருப்பினேன். திரையின் அடியில் இரண்டு பழைய பாடநூல்களை வைத்து உயர்த்தி, மேல் விளிம்பு என் கண் மட்டத்துக்கு வரும்படி நேராக நிறுத்தினேன். எதிரே இருந்த ஜன்னலின் பிம்பம் திரையில் விழாதபடி மேசையைத் திருப்பிப் போட்டேன். பிறகு அதே தாழ்வாரத்தை மீண்டும் விளையாடினேன். முன்பு ஓடிக் கடந்த இடத்தில் இப்போது நின்றுவிட்டேன். ஆடிக்கொண்டிருந்த ஒரு விளக்கின் கீழே ஒரு நாற்காலியின் நிழல் சுவரில் நீண்டு குறுகிக்கொண்டிருந்தது. அது நாற்காலிதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் என்னால் நகர முடியவில்லை.

இரண்டாவது குறை இதைவிட விசித்திரமானது. மூடியிருக்கும் ஒரு கதவை நெருங்கும்போது, அது திறப்பதற்குச் சற்று முன்பு, திரை அரை நொடி திக்கியது. மூலையில் இருந்த எண் 60 லிருந்து 20 க்கும் கீழே விழுந்து, பிறகு மெல்ல ஏறியது. நான்கைந்து முறை நடந்ததும் என் மூளை அதைப் பிடித்துக்கொண்டது: திக்கினால் பூதம் வரப்போகிறது. இம்ப் என்ற பூதம் முதன்முதலாகக் கதவு திறந்த நொடியில் முகத்தின்மேல் பாயும் இடம் இந்த விளையாட்டில் பலரும் மறக்காத ஓர் இடம் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அது தாவுவதற்கு முன்பே கணினி சொல்லிக் கொடுத்துவிட்டது. துப்பாக்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரணம் செயலியின் சூடு. இந்த இயந்திரத்தில் அசையும் உருவங்களின் உடலை வளைப்பதும், அவற்றின் நிழல் விளிம்புகளைக் கணக்கிடுவதும் கிராபிக்ஸ் கார்டின் வேலையாக இல்லாமல் பெரும்பாலும் செயலியின் தலையில் விழுகின்றன. ஆகவே ஓர் உருவம் விளக்கின் எல்லைக்குள் உயிர்பெறும்போது செயலிக்குத் திடீரென்று வேலை கூடும். வெப்பநிலை காட்டும் மென்பொருள் ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டுப் பார்த்தபோது 97 பாகை செல்சியஸ் காட்டியது. அந்தச் சூட்டில் இந்த வகைச் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

விசிறியைக் கழற்றினேன். மதர்போர்டில் அதைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் முனைகளில் ஒன்று உடைந்து, விசிறியின் அடித்தட்டு ஒரு பக்கம் தூக்கி நின்றிருந்தது. இடையில் இருந்த வெப்பப் பசை காய்ந்து, சுண்ணாம்புபோல வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் செயலியின் முகத்தையும் அடித்தட்டையும் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை துடைத்தேன். அதே கடையில் முனைகள் நன்றாக இருந்த வேறொரு விசிறி கிடைத்தது. புதிய பசையை ஒரு பட்டாணி அளவுக்கு மட்டும் நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைகளாக ஒவ்வொரு முனையையும் டக்கென்ற சத்தம் வரும் வரை அழுத்தினேன். பெட்டியைப் புரட்டி, மதர்போர்டின் பின்புறம் நான்கு முனைகளும் முழுவதும் வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். சத்தத்தை மட்டும் நம்பினால் முன்பு நடந்ததே மீண்டும் நடக்கும். ஒரு மணி நேரம் விளையாடிய பிறகும் சூடு 62 பாகையைத் தாண்டவில்லை. எண் பெரும்பாலும் 60 இல் நின்றது. அதுவே இந்த விளையாட்டின் உச்ச எல்லையும்கூட.

திக்கல் போனதும் கதவுகள் தம் முகத்தை மாற்றிக்கொண்டன. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. வெறும் கிடங்காக இருந்த ஓர் அறையின் வாசலில் அரை நிமிடம் நின்றதும், அதற்கு அடுத்த, நான் அலட்சியமாக நுழைந்த அறையில் முதுகுக்குப் பின்னால் சுவர்த் தகடு கழன்று விழுந்ததும் ஒரே இரவில் நடந்தன. இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள், ஒன்றுமில்லாத அறைகளுக்கும் அதே அளவு நிதானத்தோடு விளக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வெற்று அறைகளின் மதிப்பு திக்கல் இருந்தவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது குறையைக் கண்டுபிடித்தவன் தம்பி. ஹெட்போனை அவன் தலையில் மாட்டி விளையாடக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டான்.

“அண்ணே, எல்லாச் சத்தமும் வலப்பக்கமே வருது. இடப்பக்கம் செவிடு மாதிரி இருக்கு. கடல்ல இப்படிக் கேட்டா நாங்க படகை முட்ட வேண்டியதுதான்” என்றான்.

இருட்டில் கடலுக்குப் போகிறவர்கள் அடுத்த படகின் எஞ்சின் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கண்ணுக்கு முன் காதால் அறிகிறவர்கள். நான் மூன்று நாள் கவனிக்காததை அவன் பத்து நிமிடத்தில் கவனித்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது: நான் அடி வாங்கியதெல்லாம் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து வந்த அடி. விளையாட்டு நியாயமில்லாமல் தாக்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம், அது முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தது. என் காதுக்கு வந்து சேரவில்லை.

பெட்டியின் முன்பக்க ஹெட்போன் துளைக்குள் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். உள்ளே செம்புத் தகட்டின்மேல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றியபோது பஞ்சு பச்சையாகவே வெளியே வந்தது. மூன்று குச்சிகளுக்குப் பிறகு இடப்பக்கம் சற்றே உயிர்பெற்று, பிளக்கை அசைத்தால் வருவதும் போவதுமாக இருந்தது. முன்பக்கத் துளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் கம்பியைப் பிரித்துப் பார்த்தால், அதன் முனையிலும் அதே களிம்பு. அந்தக் கம்பியை நம்புவதில்லை என்று முடிவு செய்து, ஹெட்போனைப் பின்பக்கத் துளையில் சொருகினேன். அங்கே எல்லாம் சுத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தத் துளையில் அண்ணன் எப்போதும் ஸ்பீக்கர் பிளக்கைச் சொருகியே வைத்திருந்தார். பிளக்கே மூடியாக இருந்து காற்றைத் தடுத்துவிட்டது.

டியூம்3 இல் அறைக்கேற்ற எதிரொலியைத் தரும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதையும் இயக்கினேன். இந்த எதிரொலிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நிழல்களை வரைய கார்மேக் தாமாகவே கண்டடைந்த ஒரு முறைக்கு, அவருக்கு முன்பே கணினி ஒலி அட்டைகள் தயாரிக்கும் கிரியேட்டிவ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தனர். விளையாட்டு வெளிவரும் நேரத்தில், அந்த முறையைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஈடாக, கிரியேட்டிவின் ஒலி நுட்பத்துக்கு ஆதரவு தர இட் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2011 இல் மூல நிரலை வெளியிடும்போதும், அதே காப்புரிமையை முன்னிட்டு நிழல் பகுதியில் கார்மேக் சில வரிகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. நிழலுக்காக நடந்த ஒரு பேரத்தில் ஒலியும் பின்னிப் பிணைந்தது என்பதை அறிந்த பிறகு, இந்த விளையாட்டில் அவை இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இரண்டு காதும் கிடைத்த இரவில்தான் டூம் 3 எனக்கு உண்மையில் தொடங்கியது என்பேன். விளையாடும் நேரத்தில் பெரும்பாலும் இசை இல்லை. குழாய்களின் இரைச்சல், தூரத்தில் உலோகம் நெளியும் முனகல், மேலே காற்றுக் குழாய்க்குள் எதுவோ நகரும் சரசரப்பு, திசை தெரியாத ஒரு கிசுகிசுப்பு, இவைதான் உண்டு. இறந்துபோன ஊழியர்களின் கையடக்கக் கருவிகளை எடுத்து அவர்களுடைய குரல் பதிவுகளைக் கேட்கலாம். அலமாரிகளின் பூட்டு எண்கள் பல சமயம் அந்தப் பதிவுகளில்தான் இருக்கின்றன என்பதால், குண்டு வேண்டுமென்றால் நின்று கேட்டாக வேண்டும். இருட்டில் நின்று, இறந்தவரின் சலிப்பான அலுவல் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே, அந்தப் பேச்சுக்கு அடியில் வேறு ஏதாவது சத்தம் வருகிறதா என்றும் கேட்க வேண்டியிருப்பது மிகுந்த கூர்மையோடு யோசித்துச் செய்த ஏற்பாடு.

டார்ச் பற்றி நீண்ட காலமாக ஒரு வழக்கு இருக்கிறது. 2004 இல் வந்த வடிவத்தில் டார்ச்சையும் துப்பாக்கியையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. பார்க்க வேண்டுமா, சுட வேண்டுமா என்று ஒவ்வொரு நொடியும் தேர்ந்தெடுக்க வேண்டும். செவ்வாய்க்குப் போன மனிதரிடம் டார்ச்சைத் துப்பாக்கியோடு ஒட்ட ஒரு பட்டை இல்லையா என்று அப்போதே பலர் கேட்டனர். சில நாள்களிலேயே ஒட்டுப் பட்டையின் பெயரில் ஒரு மாற்றுத் திருத்தமும் பரவியது. 2012 இல் வந்த பிஎஃப்ஜி பதிப்பில் நிறுவனமே டார்ச்சைக் கவசத்தில் பொருத்திவிட்டது. இரண்டையும் மனத்தில் வைத்துப் பார்க்கும்போது, பழைய ஏற்பாடே சரி என்பது என் உறுதியான கருத்து. ஓர் இடத்தில் டார்ச் வட்டத்துக்குள் ஒரு முகம் தெரிந்தது. எஃப் விசையை அழுத்தித் துப்பாக்கிக்கு மாறினேன். அந்தக் கணமே முகம் இருட்டுக்குள் போய்விட்டது. அது எங்கே இருந்ததோ அங்கே சுட்டேன். துப்பாக்கி வெடித்த ஒளியில் அது இரண்டடி நெருங்கி நிற்பது தெரிந்தது. டார்ச் கவசத்தில் இருந்திருந்தால் இந்த மூன்று நொடிகளும் இல்லை. தம்பிக்கு இதில் சந்தேகமே எழவில்லை. ஒரு கையில் டார்ச் பிடித்தவன் வலை இழுக்க முடியாது, அதற்கு இன்னோர் ஆள் வேண்டும் என்றான்.

குறை இல்லாமலும் இல்லை. முதுகுக்குப் பின்னால் திடீரென்று பூதத்தைத் தோன்றச் செய்யும் உத்தி திரும்பத் திரும்ப வருகிறது. கீழே கிடக்கும் கவசத்தை எடுத்தால் பக்கத்துச் சுவர் திறக்கும் என்பதை மூன்றாம் முறைக்குப் பிறகு நான் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன். தாழ்வாரங்களும் ஒன்றுபோல இருப்பதால் வழி தவறிச் சுற்றியது பல முறை. ஆனால் தொடக்கக் கட்டங்களில் ஒரு கழிப்பறைக் கண்ணாடி இருக்கிறது. அதன்முன் போய் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதை இனி விளையாடப் போகிறவர்களுக்காக எழுதாமல் விடுகிறேன். அன்று நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மாடி விளக்கைப் போட்டு, தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். சித்தி விழித்துக்கொண்டு, “என்ன மக்கா, இன்னும் படுக்கலியா?” என்று கேட்டார். மணி ஒன்றரை ஆகியிருந்தது.

கடைசியாகச் செய்த வேலை யுபிஎஸ்ஸைப் பற்றியது. ஜூலை முதல் வாரத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்த ஓர் இரவில் மின்சாரம் போனது. பழைய யுபிஎஸ் ஒரு நொடிகூடத் தாங்காமல் அணைந்தது. நாற்பது நிமிட விளையாட்டு சேமிக்கப்படாமல் போயிற்று. அதன் அடியில் இருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி பக்கவாட்டில் வீங்கி, உறையிலிருந்து வெளியே வர மறுத்தது. உறையின் பக்கத் திருகுகளைக் கழற்றிப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது. வீங்கிய பேட்டரியைத் திருகுளியால் நெம்பி எடுக்க முயல வேண்டாம் என்று இதைப் படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பேட்டரியை வாங்கிக்கொள்ளும் கடையிலேயே புதியதையும் வாங்கினேன். இப்போது மின்சாரம் போனால் எட்டு நிமிடம் கிடைக்கிறது. அந்த எட்டு நிமிடமும் யுபிஎஸ் சில நொடிக்கு ஒருமுறை கீச்சென்று ஒலிக்கும். முதல் முறை அது ஒலித்தபோது நிலையத்துக்குள் ஏதோ அபாய மணி என்றெண்ணித் தம்பி திரையில் அதைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஆல்ஃபா ஆய்வகத்தின் முதல் பிரிவு வாசலில் இப்போது சேமித்து வைத்திருக்கிறோம். ஆகஸ்டு பிறந்ததும் தம்பி கடலுக்குப் போய்விட்டான். முன்பக்க ஒலித் துளைக்கான புதிய கம்பியை நாகர்கோவில் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்தால் இரண்டு ஹெட்போன்களையும் ஒரே நேரத்தில் இணைக்கலாம். அதுவரை பின்பக்கத் துளையில் ஒரு பழைய பிளக்கைச் சொருகி மூடி வைத்துவிட்டு, கணினியின் மேல் மீண்டும் வேட்டியைப் போர்த்தியிருக்கிறேன்.